வாசகர் கேள்வி – பதில்: கரையில் மீன்விலை பேசிய இருவர்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து ‘செம்மீன்’ படம் பார்த்தோம். படம் முடிந்ததும் என் பேத்தி, “இவ்வளவு அழுவதற்கா அப்பத்தா இதைப் போடச் சொன்னீங்க? இதில் ஒரு நல்ல நிமிஷம்கூட இல்லையா?” என்று கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எது என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எதைச் சொல்வீர்கள்?
(வாசகி, பாம்பன்)

பதில்: பேத்தியைப் படத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள் அம்மா. கருத்தம்மாவும் பரீக்குட்டியும் கரையில் நின்று சிரித்துப் பேசும் இடம்தான், என் கணக்கில், அந்தப் படத்தின் மிக மகிழ்ச்சியான நேரம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலும் அந்தப் பேச்சோடுதான் தொடங்குகிறது. அப்பா வள்ளமும் வலையும் வாங்கப் போகிறார் என்கிறாள் அவள். அதில் படும் மீனைத் தனக்கு விற்பார்களா என்று கேட்கிறான் மீன் வியாபாரியான அவன். நல்ல விலை கொடுத்தால் விற்போம் என்கிறாள். காதல் என்ற சொல்லே அதில் வரவில்லை. வெளியூர்க்காரருக்கு அது வெறும் வியாபாரப் பேச்சாகப் படக்கூடும். ஆனால் விடியற்காலையில் ஏலம் கூறும் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த உங்களுக்கு, விலையில் வீம்பு பண்ணும் உரிமையை ஒரு பெண் எல்லா வியாபாரியிடமும் எடுத்துக்கொள்ள மாட்டாள் என்பது தெரியாதா என்ன?

பின்னால் வரும் துயரம் வேறெங்கிருந்தோ வந்து அவர்கள் மேல் விழுவதில்லை. அன்று எதைச் சொல்லிச் சிரித்தார்களோ அந்த வள்ளத்திலிருந்தும் வலையிலிருந்தும்தான் வருகிறது. கருத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்ஞு, பரீக்குட்டியின் உதவியில்தான் அவற்றை வாங்குகிறார். வாங்கிய பிறகு அவனுக்கு மீனும் கொடுப்பதில்லை, கடனையும் அடைப்பதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் படும் மீனை அவருக்கே போட வேண்டும் என்ற வழக்கம் உள்ள நம் கரையில், இது எவ்வளவு பெரிய நம்பிக்கைத் துரோகம் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தச் சிரிப்பு நமக்கு வலிக்கிறது. வலிப்பதால் அது மகிழ்ச்சி இல்லை என்று ஆகிவிடாது. அந்த நிமிடத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை, குறை எல்லாம் முடிவு தெரிந்த நமக்குத்தான்.

இன்னும் ஒன்று தேடிப் பார்க்கலாம். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்றில், கைவிடப்படுவோமோ என்று அஞ்சும் தலைவி, தன்னைத் தலைவன் கூடிய நாளுக்குச் சாட்சியாக இருந்தது ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு ஒன்றுதான் என்கிறாள். அதன் கால் தினைத்தாளைப் போல இருந்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. (அது குறிஞ்சித் திணைப் பாட்டு, நெய்தல் இல்லை என்று தமிழாசிரியர் யாரேனும் கடிதம் எழுதுமுன் நானே ஒப்புக்கொள்கிறேன்.) அவன் சொன்ன சொல் எதையும் அவள் எடுத்துக் கூறவில்லை, கொக்கின் காலைத்தான் கூறுகிறாள். திரைப்படத்திலும் அப்படிப்பட்ட குருகுகள் உண்டு: கதையை ஓர் அடிகூட நகர்த்தாத ஒரு பார்வை, காற்றில் பறக்கும் ஒரு துணி, மணலில் வந்து ஏறும் ஒரு வள்ளம். ‘மாயாபஜார்’ படத்தில் நிலவொளி காட்டிய மார்க்கஸ் பார்ட்லிதான் ‘செம்மீனு’க்கும் ஒளிப்பதிவாளர் என்பதால், அவற்றைத் தேடுவதில் ஏமாற்றம் இருக்காது.

கருத்தம்மாவை மணக்கும் மீனவன் பழனியையும் மறந்துவிட வேண்டாம். நாம் எல்லோரும் பரீக்குட்டியின் பக்கம் சாய்ந்துவிடுவதால் அவனைக் கவனிப்பதில்லை. யாருமற்றவனாக வளர்ந்தவனுக்கு, கடலிலிருந்து திரும்பும்போது கரையில் தனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே புது அனுபவம். ஊர்ப்பேச்சு அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு அவனுக்குக் கிடைத்த சில நாள்களையும் பேத்தியின் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருப்பவளின் கற்பில் இருக்கிறது என்ற நம்பிக்கை கதை முழுவதும் நம்மை மிரட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் தண்டனை எப்போது வரும் என்று காத்திருக்கும் நாம், கண்ணெதிரே நடக்கும் சிரிப்பைத் தவறவிடுகிறோம். படம் வந்தது 1965இல். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது, ரயிலோடு சேர்த்து. அது எந்தப் பெண் செய்த பிழை? குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைத் தென்னகத்துக்கு முதலில் கொண்டுவந்த படம் என்ற மரியாதை எனக்கும் உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கடலம்மாவை அல்ல, கதையைத்தான் சந்தேகிக்கிறேன்.

கேள்வி: ‘மூன்றாம் பிறை’ படத்தின் மகிழ்ச்சியான இடம் ‘கண்ணே கலைமானே’ பாட்டுதான் என்கிறேன் நான். என் மனைவி மறுக்கிறாள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
(வாசகர், தொண்டி)

பதில்: மனைவியின் பக்கமே தீர்ப்பு. கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாடல் என்று போற்றப்படும் அந்தப் பாட்டு இனிமையானதுதான். ஆனால் நினைவிழந்த நாயகியை இழந்துவிடுவோமோ என்ற நாயகனின் அச்சம் அந்தத் தாலாட்டிலேயே ஏறிவிட்டது. நான் தேர்ந்தெடுப்பது, குழந்தை மனத்தோடு இருக்கும் அவளைச் சிரிக்கவைப்பதற்காக அவன் குரங்காட்டம் ஆடிக்காட்டும் விளையாட்டை. கேத்தி ரயில் நிலையத்தில், நினைவு திரும்பிய அவளுக்குத் தன்னை உணர்த்த வழி தெரியாமல் மழையில் அவன் மறுபடி ஆடுவது அதே ஆட்டத்தைத்தான். அவளோ அவனை யாரோ பித்தன் என்று எண்ணிவிடுகிறாள். ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. பார்க்கிறவளிடம் மட்டும் அந்த நாள்கள் இல்லை.

கேள்வி: சோகப் படங்களைக் கடைசி இருபது நிமிடத்துக்கு முன்பே என் மகள் நிறுத்திவிடுகிறாள். இது கலையை அவமதிப்பது இல்லையா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: இல்லை. எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் பெண்கள் பலர் இரண்டாம் ஆட்டத்தின் முடிவைப் பார்த்ததே கிடையாது. இரவு வலைக்குப் போனவர்கள் விடியுமுன் கரையேறுவார்கள் என்பதால், முன்னதாகவே எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த ‘தேவதாஸ்’ படத்தை என் அம்மா மூன்று முறை அப்படித்தான் பார்த்தார். வாசலில் வந்து விழுந்தவனுக்குப் பார்வதி கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள் என்றே எங்களுக்குக் கதை சொன்னார். கல்லூரிக்குப் போன பிறகு முழுப்படத்தையும் பார்த்தபோதுதான், அவள் வெளியே வருமுன் கதவை அடைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.