கிராஸ் ஸ்டிச்சுக்குப் பின்னணித் துணி: கோராவா, வெள்ளையா, கறுப்பா?

கிராஸ் ஸ்டிச் (கட்டத் துணியில் × போலத் தைக்கும் வேலை) பற்றி உங்கள் கேள்வி இது: நடுவில் குத்துவிளக்கு, சுற்றிப் பிச்சிச் சரம், அடியில் சிவப்பு அரளியும் இலையும், 112 × 154 கட்டம். மார்த்தாண்டம் வீட்டு முன்னறையில் ஓணத்துக்கு மாட்ட வேண்டும். கேரளத்தின் பொன்கரைக் கசவு முண்டு போலக் கோரா நிற (வெளுக்காத பருத்தி நிற) மேட்டி துணி, அதாவது கட்டம் கட்டமாக நெய்த துணி, எடுத்தால் சரிவருமா? கறுப்பு எடுக்கலாமா?

இந்த டிசைனுக்குக் கோரா நிறத்தை அப்படியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நூல் நிறங்களில் சிலவற்றை மாற்ற வேண்டும். என் முதல் தேர்வு நடுத்தர அடர்த்தியுள்ள சாம்பல் கலந்த நீலம்.

காரணம் சொல்கிறேன். பின்னணி தைக்காத டிசைனில் அதிக இடத்தை அடைத்துக்கொள்வது துணியின் நிறம்தான். அது சிவப்பா நீலமா என்பதைவிட எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது முக்கியம். உங்கள் படத்தில் வெளிர் நிறங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன: பிச்சியின் வெள்ளை, பித்தளை பளபளக்கும் இடத்தில் வரும் இளமஞ்சள். பித்தளைக்கு வழக்கமாக வரும் டிஎம்சி கம்பெனி நூல் எண்கள் 677, 676, 729, 680, 3829 வரிசையில் மிக வெளிரான 677 கோராவோடு கலந்துவிடும். விளக்கின் மினுக்கம் போய், மேலே திரிச் சுடரும் மங்கி, விளக்கு தட்டையாகத் தெரியும். அடர் பச்சைத் துணியில் சுடர் நன்றாக எரியும், ஆனால் இலைகள் காணாமல் போகும். அரக்குச் சிவப்பில் அரளி போய்விடும். சாம்பல் நீலத்தில் வெள்ளை, பொன், சிவப்பு, பச்சை நான்கும் நிற்கும்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். துணியின் மேல் எல்லா நூல்கண்டுகளையும் பரப்பி, பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எந்தக் கண்டு துணியோடு கரைகிறதோ அதுதான் தகராறு. நாகர்கோவிலில் வாங்கினாலும் திருவனந்தபுரம் சாலை பஜாரில் வாங்கினாலும் கடை லைட்டில் முடிவு செய்யாமல் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். குளிர்ந்த வெள்ளை லைட்டில் கோராவும் வெள்ளையும் ஒன்றுபோல் தோன்றிவிடும்.

கோராதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் பித்தளையை ஒரு படி இறக்குங்கள்: 677 வரும் இடத்தில் 676, 676 இருந்த இடத்தில் 729, இப்படியே போய்க் கடைசியில் ஓர் அடர் பழுப்பைச் சேருங்கள். பிச்சிக்குச் சாதா வெள்ளையை விட்டு பி5200 (தூய வெள்ளை) எடுங்கள், ஆங்கர் கம்பெனி நூல் என்றால் எண் 1. ஒவ்வொரு பூவையும் 647 சாம்பலில் ஒற்றைப் பிரி (ஓர் இழை) பேக் ஸ்டிச்சால் (தொடர் கோடாக வரும் தையல்) ஓரம் வரைந்துவிடுங்கள். கறுப்பில் வரைந்தால் பூ கார்ட்டூன் போலாகிவிடும். பிச்சி மொட்டின் வெளிப்பக்கம் லேசாக ரோஸ் ஓடியிருக்கும், தோவாளைச் சந்தைப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். மொட்டுக்கு ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ 3689 வைத்தால் வெள்ளைப் பூ கோராவிலும் பிரிந்து நிற்கும்.

உண்மையான கசவு முண்டிலேயே தைக்க நினைக்க வேண்டாம். அதில் கட்டம் இல்லை, இழையை எண்ணித் தைக்கவும் முடியாது. வேஸ்ட் கேன்வாஸ் (தற்காலிகக் கட்டத் துணி) மேலே வைத்துத் தைத்து அதன் இழைகளை உருவி எடுப்பது ஒரு வழி.

மேட்டியில் இன்னொரு விஷயம் உண்டு. வாங்கும் முன் ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று ஊசி முனையால் எண்ணுங்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விளக்கின் வட்டத் தட்டு முட்டை வடிவமாகும். அங்குலத்துக்கு 11 என்றால் உங்கள் படம் சுமார் 10¼ × 14 அங்குலம் வரும். நாலு பக்கமும் 3 அங்குலம் விட்டு 16½ × 20 வெட்டுங்கள். அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள ஐடா (இதுவும் கட்டத் துணிதான்) என்றால் படம் 8 × 11, துணி 14 × 17. நூல் 14-க்கு இரண்டு பிரி, 11-க்கு மூன்று பிரி. அடர் துணியில் வெளிர் நூல் தைக்கும்போது அடி நிறம் ஊடுருவித் தெரியும். அதனால் 14-லும் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் மட்டும் மூன்று பிரி போடலாம்.

கறுப்புத் துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழகுதான், ஆனால் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டு பகலில் தைத்தால்தான் எண்ணிக்கை தவறாது. பின்பக்கம் நூலை மூன்று நான்கு கட்டத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கறுப்பில் வெள்ளை இழையும் கோராவில் சிவப்பு இழையும் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும்.

சாயம் போட்ட துணி எதுவானாலும் தைக்கும் முன் ஓர் ஓரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள், தெளியாவிட்டால் வேறு துணி. அரளிக்கு வாங்கும் சிவப்பு நூலுக்கும் இதே சோதனை வேண்டும். தைத்து முடித்துக் கழுவும்போது சிவப்பு இறங்கினால் வெள்ளைப் பிச்சி முழுவதும் ரோஸாகிவிடும். இறங்குவது கண்ணில் பட்டால் துணியைக் காயவிடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் விடாமல் அலசுங்கள். காய்ந்த பிறகு எடுப்பது கஷ்டம்.

வெள்ளைத் துணியைக் கோராவாக்கத் தேயிலை போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு ஸ்பூன் தூள் போட்டுக் கொதிக்கவைத்து, தூள் சிறிதும் இல்லாமல் வடிகட்டி, முன்பே நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிடம் மூழ்க விடுங்கள். உலர்ந்த துணியைப் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் நன்றாக வெளுக்கும், ஆகவே முதலில் ஒரு துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் தேயிலை நிறம் சாம்பலடிக்கும், அதற்குக் குடிதண்ணீரே நல்லது. பாலியெஸ்டர் கலந்த துணி சரியாக நிறம் பிடிக்காது. மஞ்சள்தூள் வேண்டாம்: வெளிச்சத்தில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும்.

ஃபிரேம் போடும்போது பின் அட்டையையும் கவனியுங்கள். தைக்காத இடத்து ஓட்டைகள் வழியாக அதன் நிறம் வெளியே தெரியும். சாம்பல் நீலத்துக்கு அதே நிறத் துணி ஒட்டிய அட்டை, கோராவுக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு. நம் பக்கத்தில் இரண்டு மழைக்காலமும் உண்டு என்பதால் துணி முழுக்கக் காய்ந்த பிறகே கண்ணாடி போடச் சொல்லுங்கள். ஈரம் உள்ளே நின்றால் அடர் துணியில் வெள்ளைப் பூஞ்சையும் வெளிர் துணியில் பழுப்புப் புள்ளியும் வரும்.