பெர்லினில் ஆள் மாறினால் வாஷிங்டனில் என்ன மாறும்? (கேள்வி பதில்)

செந்தில்: 2025 மே மாதம் ஷோல்ஸ் போய் மெர்ஸ் ஜெர்மன் சான்ஸலர் (அரசுத் தலைவர்) ஆனார். அமெரிக்க உறவில் உண்மையிலேயே என்ன மாறியது?

பதில்: பணம். கைகுலுக்கும் படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், பட்ஜெட்டைப் பாருங்கள். மெர்ஸ் பதவியேற்கும் முன்பே, மார்ச்சில், அரசியல் சாசனத்தைத் திருத்திவிட்டார்கள். ஜிடிபியில் 1 சதவீதத்தைத் தாண்டும் ராணுவச் செலவுக்கு இனி கடன் வரம்பு கிடையாது. அதையும் பழைய நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றினார்கள். திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். புதியதில் தீவிர வலதுசாரி ஏஎஃப்டியும் இடதுசாரிக் கட்சியும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், திருத்தம் தேறாது. ஜூனில் ஹேக் நேட்டோ மாநாட்டில் 2035க்குள் ஜிடிபியில் 5 சதவீதம் பாதுகாப்புக்கு என்று ஒப்புக்கொள்ள ஜெர்மனிக்குத் தெம்பு வந்தது இதனால்தான்.

லதா: ஜெர்மனியின் தொலைதூர டாரஸ் ஏவுகணையை மெர்ஸ் உக்ரைனுக்குக் கொடுப்பாரா?

பதில்: எதிர்க்கட்சியில் இருந்தபோது கொடுக்கச் சொன்னார். பதவிக்கு வந்ததும் ஆயுத விவரங்களை வெளியே பேசுவதில்லை என்றார். புரிந்துகொள்ளுங்கள்.

குமரன்: டிரம்பிடம் பேசி மெர்ஸ் வரியைக் குறைக்கலாமே?

பதில்: வர்த்தகப் பேச்சு ஐரோப்பிய ஆணையத்தின் வேலை. ஜூலையில் ஸ்காட்லாந்தில் 15 சதவீத வரிக்கு ஒப்புக்கொண்டவர் ஆணையத் தலைவர் ஃபொன் டெர் லையன்.

ரஃபி: தேர்தல் இரவில் அமெரிக்காவிடமிருந்து ஐரோப்பா விடுபட வேண்டும் என்ற மெர்ஸ், ஜூனில் டிரம்ப்பின் தாத்தாவுடைய பிறப்புச் சான்றிதழை ஃபிரேம் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். இரட்டை வேடம்தானே?

பதில்: "படிப்படியாக" என்றும் சொன்னாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அமெரிக்க நட்புக்கென்றே இருக்கும் அட்லாண்டிக்-ப்ரூக்க சங்கத்துக்குப் பத்தாண்டு தலைவராக இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு எடை. ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் விமானப்படைத் தளம் அமெரிக்கர் கையில் இருக்கும்வரை பரிசும் கொடுக்கத்தான் வேண்டும்.

செந்தில்: அப்படியானால் ஷோல்ஸ்? 2022இல் ராணுவத்துக்கு 100 பில்லியன் யூரோ, லிதுவேனியாவுக்குப் படைப்பிரிவு, எல்லாம் அவர் காலம். மெர்ஸுக்கு ஏன் பாராட்டு?

பதில்: பாதி சரி. பாதுகாப்பு அமைச்சர்கூட அதே பிஸ்டோரியஸ்தான். ஆனால் அந்த 100 பில்லியன் செலவழிந்தால் தீர்ந்தது. இப்போதைய திருத்தத்துக்கு அப்படி முடிவு கிடையாது. வாஷிங்டன் கவனிப்பது அதைத்தான்.

ரஃபி: அந்தப் பணத்தில் அமெரிக்க ஆயுதம் வாங்கினால் விடுதலை எங்கே?

பதில்: நல்ல அடி. அமெரிக்க எஃப்-35 போர் விமான ஒப்பந்தம் ஷோல்ஸ் காலத்தது, மெர்ஸ் அதை ரத்து செய்யவில்லை. இந்த இடத்தில் ரஃபிக்கு ஒரு மதிப்பெண்.

மணி: டாரஸ் எப்போது?

பதில்: லதாவுக்குச் சொன்னதுதான்.

விஜி: டிரம்ப்பும் மெர்ஸும் படத்தில் சிரிக்கிறார்களே, இனி நல்ல நட்பா?

பதில்: பட்ஜெட், விஜி. பட்ஜெட்.

அருண்: ஜெர்மன் மாணவர் விசாவுக்கு எவ்வளவு நாளாகும்?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.