வியர்வை சென்சார் புராஜெக்டில் சர்க்கரையை அளக்கலாமா?

கல்லூரி புராஜெக்டுக்கு, வியர்வையிலிருந்து சர்க்கரை அளவைச் சொல்லும் பட்டை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வியர்வையில் குளுக்கோஸ் இரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். தோலில் ஒட்டியிருக்கும் துளி அழுக்குகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

சோடியத்தில் ஆரம்பியுங்கள். வியர்வையில் அது தாராளமாகவே இருக்கிறது. சோடியம் அயனியை மட்டும் உணரும் மின்முனையில், செறிவு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும் (25 டிகிரி செல்சியஸில்). முதலில் 10, 100 மில்லிமோலார் (செறிவின் அலகு) உப்புக் கரைசல்களில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இந்த வித்தியாசம் வராவிட்டால் கையில் கட்டிப் பயனில்லை.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. வேகமாக வியர்த்தால் சோடியம் கூடும். வியர்வை ஆவியானாலும் கூடும். அதனால் வியர்க்கும் வேகத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும். வெப்பநிலை மாறினாலும் சென்சார் காட்டும் அளவு மாறும்; தோலின் வெப்பநிலையையும் அளக்க வேண்டும். 2016-இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட பட்டையில் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியத்தோடு வெப்பநிலை சென்சாரும் இருந்தது, வெப்பநிலையால் வரும் இந்த மாற்றத்தைச் சரிசெய்யத்தான்.