போர்ட் ஹார்டி முதல் பிரின்ஸ் ரூபர்ட் வரை: எரிபொருளும் வானிலையும் – கேள்வி பதில்

வான்கூவர் தீவின் வடமுனைக்கு அருகிலுள்ள போர்ட் ஹார்டியிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரை சுமார் 270 கடல் மைல். பிரிட்டிஷ் கொலம்பியாவின் அந்தக் கரையோரத்தில் சொந்தப் படகில் செல்லத் திட்டமிடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது 24 அடிப் படகு, 225 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்), 400 லிட்டர் தொட்டி. எங்கெங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும்?

பதில்: ஊர்ப் பெயர்களுக்கு முன்னால் உங்கள் படகு ஒரு கடல் மைலுக்கு எவ்வளவு குடிக்கிறது என்பதை இரண்டு வேகங்களில் அளந்துகொள்ளுங்கள். அமைதியான நீரில் 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் மைலுக்கு 1.6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், தொட்டியில் மூன்றில் ஒரு பங்கைக் கைவைக்காமல் ஒதுக்கிய பிறகும் ஏறத்தாழ 166 மைல் போகலாம். ஆனால் எதிரலை எழுந்து வேகத்தை 9 நாட்டுக்குக் குறைக்க நேர்ந்தால், மூக்கைத் தூக்கியபடி நீரைத் தள்ளிச் செல்லும் அந்தப் படகு மைலுக்கு 2.4 லிட்டர் வரை கேட்கும். அதே எரிபொருள் 111 மைலில் தீர்ந்துவிடும். திட்டத்தை இரண்டாவது எண்ணின் மீதுதான் போட வேண்டும்.

அப்படிப் பார்த்தால், டென்னி தீவிலுள்ள ஷியர்வாட்டர் வரையான சுமார் 90 மைல் உங்களுக்கு எட்டும். அங்கிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரையான மிச்சத் தூரம் ஒரே மூச்சில் எட்டாது. வழியில் கிளெம்டுவிலும் ஹார்ட்லி பேயிலும் நிரப்பியாக வேண்டும். இரண்டும் பூர்வகுடி மக்களின் சிற்றூர்கள். வெளியிலிருந்து சாலை இல்லாத அவ்வூர்களுக்கு எரிபொருளும் கடல் வழியாகவே வந்து சேர வேண்டும். ஆகவே வரைபடத்தில் எரிபொருள் குறி இருப்பதை நம்பிப் புறப்படாதீர்கள். முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்து, பெட்ரோல் இருக்கிறதா, துறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மெதுவாகச் செல்லும் டீசல் ட்ராலர் படகு, 7 நாட் வேகம், 1,200 லிட்டர் தொட்டி. எனக்கும் இதே கவலை உண்டா?

பதில்: எரிபொருளைப் பொறுத்தவரை இல்லை. போர்ட் ஹார்டியில் நிரப்பினால் போதும். உங்கள் கவலை வானிலையாக இருக்கட்டும். 7 நாட் படகால் வரும் காற்றை முந்தி ஓட முடியாது.

கேள்வி: வழியிலுள்ள கேப் காஷன் முனையைக் கடக்க எப்போது புறப்படுவது? காற்று 15 நாட்டுக்குக் கீழே இருந்தால் போதுமா?

பதில்: போதாது. 1793-இல் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவர் ‘எச்சரிக்கை’ என்ற பொருளில் பெயரிட்ட அந்த முனையில், குயின் சார்லட் சவுண்ட் என்னும் கடற்பரப்பின் வாய் பசிபிக் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடக்கிறது. நீங்கள் நிற்கும் துறையில் இலை அசையாத காலையிலும் பல நூறு மைலுக்கு அப்பால் எழுந்த பேரலை அங்கே வந்துகொண்டிருக்கும். எனவே காற்று முன்னறிவிப்போடு கடலில் அலையை அளந்து அனுப்பும் மேற்கு சீ ஓட்டர் மிதவையின் அளவீட்டையும் பாருங்கள். அலையின் உயரம் மட்டும் கணக்கல்ல, அடுத்தடுத்த அலைகளுக்கு இடையேயான நொடிகளும் கணக்கு. ஒன்றரை மீட்டர் அலை 12 நொடிக்கு ஒருமுறை வந்தால் படகு மெல்ல ஏறி இறங்கும். அதே உயரம் 5 நொடிக்கு ஒருமுறை வந்தால் உள்ளே கட்டாத பொருளெல்லாம் தரையில் கிடக்கும். சிறு படகுக்கு, மிதவை ஒரு மீட்டருக்குக் கீழே காட்டி, அது தணிந்துகொண்டும் இருந்தால் புறப்படுங்கள் என்பேன்.

கோடையில் வடமேற்குக் காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். விடியலில் கிளம்பி முற்பகலுக்குள் முனைக்கு வடக்கே ஒதுங்கிடமான பியூரி கோவ் சேர்வது அதனால்தான். இன்னொன்று: முனைக்குத் தெற்கே, நாக்வாக்டோ விரைவோட்டம் என்னும் குறுகிய நீர்வழிக்கு உள்ளே தேங்கிய நீரெல்லாம் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) இறங்கும்போது ஸ்லிங்ஸ்பி கால்வாய் வழியாகக் கடலுக்குப் பாய்கிறது. அது மேற்கிலிருந்து வரும் அலையோடு மோதும் இடத்தில் அலைகள் செங்குத்தாக எழும். அந்த வாயை இறக்க நேரத்தில் நன்கு விலகியே கடந்து செல்லுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் இணையம் படகிலேயே இருக்கிறது. நான் பார்க்கும் இரண்டு கணினி வானிலை மாதிரிகளும் ஒத்துப்போனால், வானொலியில் கலங்கரை விளக்கக் காவலர்கள் சொல்வதை எதற்குக் கேட்க வேண்டும்?

பதில்: மாதிரி, இனி நடக்கக்கூடியதைக் கணக்கிடுகிறது, காவலர் இப்போது நடப்பதைச் சொல்கிறார். மலைப்பிளவு வழியாகக் கடலுக்குள் இறங்கும் காற்று சில கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிடும் மாதிரியில் சரியாகத் தெரிவதில்லை. காவலர்கள் இருக்கும் பைன் தீவும் எக் தீவும் நீங்கள் கடக்கப்போகும் நீரின் இரு பக்கமும் நிற்கின்றன.

அதே வாசகர்: காவலர் அலையைக் கண்ணால் மதிப்பிடுகிறார். அதைவிட மிதவையின் கருவி துல்லியமானது அல்லவா?

பதில்: துல்லியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மிதவை மூடுபனியைப் பார்க்காது. ஆகஸ்டில் காற்றும் அலையும் சரியாக இருந்து, கண்ணுக்கு எதிரே ஒன்றும் தெரியாத காலைகள் உண்டு. நீரில் மிதக்கும் மரத்தடிகள் நிறைந்த அந்தக் கரையில் அது அலைக்குக் குறையாத ஆபத்து.

வேறொரு வாசகர்: மிதவை பழுதாகிச் செய்தி அனுப்பாத நாட்களும் உண்டு. அப்போது எக் தீவின் குரல்தான் துணை.

முதல் வாசகர்: அப்படியானால் மாதிரியே தேவையில்லை என்கிறீர்களா?

பதில்: இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் எரிபொருளைத் திட்டமிட மாதிரி. அன்று காலையில் நங்கூரம் தூக்கலாமா என்பதற்கு மிதவையும் காவலரும். எக் தீவில் 1948-இல் கலங்கரை விளக்கத்தையே புயலலை அடித்துச் சென்றது. அங்கே நின்று பேசுகிறவரின் ஒரு வரியை எந்தத் திரைக்காகவும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: தளத்தில் எத்தனை பெட்ரோல் கேன்கள் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தங்கும். கேன்களை அறைக்குள் வைக்காதீர்கள். திறந்த தளத்தில் இறுகக் கட்டுங்கள். நங்கூரமிட்ட அமைதியான நீரில் மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். உள்ளெஞ்சின் படகாக இருந்தால் கிளப்புமுன் காற்றோட்ட விசிறியை 4 நிமிடம் ஓடவிடுங்கள்.

கேள்வி: கிளெம்டுவில் ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் கிடைக்குமா?

பதில்: அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: ஹார்ட்லி பேயில்?

பதில்: முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்: முந்தைய நாள் அழைத்துக் கேளுங்கள். நான் இன்று சொல்லும் நேரத்தை நம்பி நீங்கள் ஜூலையில் போய் நிற்பது சரியல்ல.

கேள்வி: காப்பீடு இந்த வடபகுதிக்கும் செல்லுமா?

பதில்: உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்களுக்கு விடுப்பு குறைவு. மோசமான நாளுக்காக எத்தனை நாள் ஒதுக்குவது?

பதில்: கேப் காஷனுக்கு முன் மட்டும் மூன்று நாளாவது ஒதுக்குங்கள். அலிசன் துறைமுகமும் மைல்ஸ் இன்லெட்டும் ஒதுங்கிக் காத்திருக்க நல்ல இடங்கள். எரிபொருள் கணக்கையும் நாள் கணக்கையும் தனித்தனியாகப் போடுவதுதான் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை. முனைவரை போய், பிடிக்காவிட்டால் திரும்பி வரத் தேவையான பெட்ரோல் தொட்டியில் இல்லையென்றால், போகலாமா வேண்டாமா என்ற முடிவை வானிலை எடுக்காது, தொட்டி எடுத்துவிடும்.

கேள்வி: பிரின்ஸ் ரூபர்டுக்குத் தெற்கே உள்ள கிரென்வில் கால்வாயில் நீரோட்டத்தைப் பயன்படுத்தி டீசல் மிச்சம் பிடிக்க முடியுமா?

பதில்: முடியும். சுமார் 45 மைல் நீளமுள்ள அந்தக் கால்வாயில் ஓதம் இரு முனைகளிலிருந்தும் ஏறி, ஈவ்னிங் பாயின்ட் அருகில் சந்திக்கிறது. 7 நாட் படகு தென்முனையில் உயர்நீருக்கு (ஓதம் உச்சத்தைத் தொடும் நேரம்) ஏறக்குறைய மூன்று மணி நேரம் முன்பு நுழைந்தால், முதல் பாதியில் ஏற்றமும், சந்திப்பைத் தாண்டிய பின் இறக்கமும் பின்னாலிருந்து தள்ளும். நேரம் தவறிவிட்டால் லோ இன்லெட்டில் நங்கூரமிட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருங்கள்.