எல்.என்.ஜி. தொட்டியும் கப்பலும்: கேள்வி பதில்

கேள்வி: சிலிண்டர் கேஸ் சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கிறது. எல்.என்.ஜி.யை (திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை) மட்டும் ஏன் மைனஸ் 162 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும்?

பதில்: சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். எல்.என்.ஜி. பெரும்பாலும் மீத்தேன். அது மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே போகாதவரை, எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. மைனஸ் 162-க்கு வந்துவிட்டால் அழுத்தமே தேவையில்லை. கன அளவும் சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அதனால்தான் கப்பலில் ஏற்றுவது கட்டுப்படியாகிறது.

கேள்வி: அப்போ தொட்டி வெடிக்கும் அளவுக்கு உள்ளே அழுத்தம் இருக்காதா?

பதில்: இருக்காது. கரையில் உள்ள பெரிய தொட்டிகளில் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சவால் குளிர்தான். சாதாரண எஃகு அந்தக் குளிரில் நெகிழும் தன்மையை இழந்து விரிசல் விடும். அதனால் உள்தொட்டிக்கு 9 சதவீத நிக்கல் எஃகு, வெளியே கான்கிரீட், நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் பெர்லைட் தூள். 1944-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் உடைந்த தொட்டி 3.5 சதவீத நிக்கல் எஃகு. திரவம் தெருவிலும் சாக்கடையிலும் ஓடித் தீப்பிடித்து சுமார் 130 பேர் இறந்தார்கள்.

கேள்வி: கப்பலில் ஃபிரிட்ஜ் மாதிரி மிஷின் ஓடிக்கொண்டே இருக்குமா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குளிரைக் காப்பது முக்கியமாக இன்சுலேஷன்தான். அதையும் மீறி வெப்பம் கொஞ்சம் நுழையும், கொஞ்சம் திரவம் ஆவியாகும். அந்த ஆவி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால் மிச்சம் குளிராகவே இருக்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிர்வது போலத்தான். ஒரு நாளைக்குச் சரக்கில் சுமார் 0.1 சதவீதம் இப்படிப் போகும். வீணாகாது, கப்பலின் எஞ்சினே அதை எரித்து ஓடும். சில கப்பல்களில் அதைத் திரும்பத் திரவமாக்கும் கருவியும் உண்டு. சரக்கை இறக்கும்போதுகூட ஒட்டத் துடைத்து இறக்குவதில்லை. அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்கள், அதற்கு 'ஹீல்' என்று பெயர். திரும்பும் வழியில் தொட்டி சூடாகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: லீக் ஆனால் வாசனை வருமா?

பதில்: வராது. நமக்குத் தெரிந்த கேஸ் நாற்றம், திரும்ப வாயுவாக்கிய பிறகு சேர்க்கும் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது. கசிந்த இடத்தில் வெள்ளைப் புகை தெரியும். அது காற்றின் ஈரம் குளிர்ந்து நுண்துளிகளாவது. காற்றில் வாயு 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். ஆனால் குளிர்ந்த வாயு முதலில் தரையோடு பரவும், அங்கே தீப்பொறி இருந்தால் ஆபத்து.

கேள்வி: பழைய சரக்கு இருக்கும் தொட்டியிலேயே புதுச் சரக்கை ஏற்றலாமா?

பதில்: நல்ல கேள்வி. ஏற்றலாம், ஆனால் அடர்த்தி பார்த்து. கனமான, சற்றே சூடான சரக்கு அடியில் தங்கினால் மேலடுக்கு அதை மூடிக்கொள்ளும். கீழே வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகும் நேரத்தில் அடுக்குகள் சட்டென்று கலந்து, அடக்கிவைத்த ஆவி எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். இதற்கு 'ரோல்ஓவர்' என்று பெயர். 1971-ல் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் நடந்தது இதுதான். இப்போது தொட்டியின் பல உயரங்களில் அடர்த்தியையும் வெப்பத்தையும் அளக்கிறார்கள். கனமான சரக்கை மேலிருந்தும், லேசானதை அடியிலிருந்தும் விடுவார்கள். அப்படியும் அடுக்கு விழுந்தால் பம்ப் போட்டுக் கலக்கிவிடுவார்கள்.