பதின்மூன்றாவது சுற்று

அன்புள்ள ஐயா,

கனடாவில் எந்தக் கட்சி தலைவர் தேர்தல் நடத்தினாலும் கண்விழித்துப் பார்ப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அங்கே ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் வெளியாள் பார்க்க என்ன இருக்கிறது? எப்படியும் பிரபலமானவர்தானே ஜெயிப்பார்?

க.ரா., மதுரை

அன்புள்ள க.ரா.,

2017 மே 27 வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டொராண்டோவில் அன்று மாலை கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் தேர்தல் முடிவு. நமக்கு அது மறுநாள் விடியற்காலை. சீட்டில் பதினான்கு பெயர், அதில் ஒருவர் முன்பே விலகிவிட்டதால் களத்தில் பதின்மூன்று பேர். கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த மாக்ஸிம் பெர்னியே முதல் சுற்றில் ஏறக்குறைய 29 சதவீதம், ஆண்ட்ரூ ஷீர் ஏறக்குறைய 22.

அங்கே ஓட்டுச்சீட்டில் ஒரே பெயருக்கு முத்திரை குத்துவதில்லை. பிடித்தவரை 1, அடுத்தவரை 2 என்று பத்துப் பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்து எந்தப் பெயர் இருக்கிறதோ அவருக்கு மாற்றுவார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும் வரை இது தொடரும். நான் ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு சுற்றிலும் பெர்னியேதான் முதலிடம். பக்கத்தில் வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. பதின்மூன்றாவதில் ஷீர் 50.95, பெர்னியே 49.05. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏன் இப்படி ஆனது? பெரிய காரணங்களில் ஒன்று, பால். கனடாவில் பால், முட்டை, கோழி உற்பத்திக்குக் கோட்டா உண்டு. இறக்குமதிக்குக் கடும் வரி. அந்த ஏற்பாட்டையே ஒழிப்பேன் என்றார் பெர்னியே. கியூபெக் பால் பண்ணைக்காரர்கள் பலர் 15 டாலர் கட்டி உறுப்பினராகி அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றைய விதிப்படி 338 தொகுதிகளுக்கும் தலா 100 புள்ளி, அதை அந்தந்தத் தொகுதியில் கிடைத்த ஓட்டு விகிதப்படி வேட்பாளர்களுக்குப் பிரிப்பார்கள். உறுப்பினர் ஐம்பது பேர் இருந்தாலும் இரண்டாயிரம் பேர் இருந்தாலும் அதே 100தான். உறுப்பினர் குறைவாக இருந்த கியூபெக் தொகுதிகளில் புதிதாக வந்த சில டஜன் பேருக்கே எவ்வளவு பலம் என்று பாருங்கள். பெர்னியேயின் சொந்தத் தொகுதியான போஸிலேயே ஷீர் முந்திவிட்டார். சில நாள் கழித்துப் பத்திரிகையாளர் விருந்தில் மேடையேறிய ஷீர், கையோடு கொண்டுவந்த பால் பெட்டியைத் திறந்து எல்லோர் முன்பும் குடித்தார்.

கருக்கலைப்பை எதிர்க்கும் வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் பலர் ஷீரை அடுத்த பெயராக எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். காசு கட்டி உள்ளே வந்து முடிவை மாற்றுவது முறையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது, தங்கள் பிழைப்பு போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் நுழைந்தார்கள்.

இந்தச் சுவை 2025இல் மார்க் கார்னி லிபரல் தலைவரானபோது இல்லை. முதல் சுற்றிலேயே 85.9 சதவீதம், சரி, முடிந்தது. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது அதே கட்சியின் 2006 மாண்ட்ரியல் மாநாட்டை. அங்கே வரிசைப்படுத்தும் சீட்டு இல்லை, மாநாட்டுப் பிரதிநிதிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஓட்டுப் போட்டார்கள். முதல் சுற்றில் இக்னாடியெஃப், பாப் ரே இருவருக்கும் பின்னால் மூன்றாவதாக நின்றார் ஸ்டெஃபான் டியோன், 856 ஓட்டு. நான்காவது ஜெரார்ட் கென்னடி, 854. அடுத்த சுற்றிலும் பின்தங்கிய கென்னடி விலகி டியோனுக்கு ஆதரவு தந்தார், நான்காவது சுற்றில் டியோன் தலைவர். அந்த இரண்டு ஓட்டு கென்னடி பக்கம் கூடுதலாக விழுந்திருந்தால் யார் யாருக்காக விலகியிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பெர்னியே 2018இல் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார். மறு ஆண்டு பொதுத்தேர்தலில் போஸ் தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர், அவருடைய பழைய கட்சியின் வேட்பாளர்தான்.