ஆஸ்பத்திரியில் நர்ஸ், சனிக்கிழமை கிளினிக்கில் பிராக்டிஷனர்: ஒரே பாலிசி போதுமா?

கேள்வி: ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) ஆக இருக்கிறேன், வாரம் 3 இரவு ஷிஃப்ட். போன வருடம் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ்) லைசென்ஸும் கிடைத்தது. சனிக்கிழமைகளில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், 1099 அடிப்படையில், அதாவது ஊழியராக இல்லாமல் ஒப்பந்த ஆளாக. பழைய மசாஜ் தெரபி லைசென்ஸ் ஒன்றும் உண்டு. தெரிந்தவர்களுக்கு எப்போதாவது காசு வாங்கிக்கொண்டு செய்வேன். ஆர்.என். என்று எடுத்த மால்பிராக்டிஸ் பாலிசி (சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் காக்கும் இன்ஷூரன்ஸ்) கையில் இருக்கிறது. அதுவே போதுமா, லைசென்ஸுக்கு ஒன்றாக மூன்று வேண்டுமா?

பதில்: போதாது. ஆனால் மூன்றும் தேவைப்படாது.

உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை எடுங்கள். டிக்ளரேஷன்ஸ் பேஜ் என்பார்கள். பெயர், முகவரி, தொகை எல்லாம் இருக்கும். அதில் தொழில் என்ற இடத்தில் ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பாலிசிக்குத் தெரிந்த நீங்கள் அவ்வளவுதான். சனிக்கிழமை நெஞ்சு எரிகிறது என்று வந்தவருக்கு ஆன்டாசிட் எழுதிக்கொடுத்து அனுப்புகிறீர்கள், ராத்திரி அவருக்கு மாரடைப்பு வருகிறது என்று வையுங்கள். நோயைக் கண்டறிந்ததும் மருந்து எழுதியதும் பிராக்டிஷனர் வேலை. ஆர்.என். பாலிசி அந்தக் கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸும் வராது. அங்கே அவர்கள் கொடுத்த வேலையைச் செய்யும்போது மட்டும்தான் அது உங்களுக்குக் குடை.

அதனால் பிராக்டிஷனர் என்று பாலிசி எடுத்து, அதிலேயே ஆர்.என். வேலையையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் ரிஸ்க் அதிகமான தொழிலுக்குத்தான் பிரீமியம் போடும். கீழே உள்ள வேலையைச் சேர்க்கப் பெரிதாக ஏறாது. ஆனால் அந்த முதல் தாவலே கொஞ்சம் வலிக்கும். ஆர்.என். பாலிசி வருடத்துக்கு 100, 200 டாலருக்குள் முடியும். பிராக்டிஷனருக்கு ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம். இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, ‘வாரத்துக்கு ஒரு நாள்தானே’ என்று விண்ணப்பத்தில் புது லைசென்ஸைச் சொல்லாமல் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உண்மையை மறைத்தது தெரிந்தால், பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று சொன்னால் பகுதி நேரக் கட்டணம் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன, அதைக் கேளுங்கள்.

சேர்த்து எழுதினாலும் தொகை இரட்டிப்பாகாது. ஒரு கிளெய்முக்கு 10 லட்சம் டாலர், ஆண்டுக்கு மொத்தம் 30 லட்சம் என்றிருந்தால், இரண்டு வேலைக்கும் அதே பானைதான்.

பலர் யோசிக்காத பக்கம் இரவு ஷிஃப்ட். விடிகாலை 3 மணிக்கு நோயாளியின் பிரஷர் 88/50-க்கு இறங்குகிறது. ஆர்.என். ஆக நீங்கள் டாக்டரை எழுப்பலாம், ரேபிட் ரெஸ்பான்ஸ் டீமைக் கூப்பிடலாம். ஆர்டர் போட முடியாது, ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரி உங்களைப் பிராக்டிஷனராக நியமிக்கவில்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் எதிர்க்கட்சி வக்கீல் முதலில் கேட்பது, ‘நீங்கள் பிராக்டிஷனர் ஆயிற்றே, செப்சிஸ் என்று தெரியவில்லையா?’ என்பதாகத்தான் இருக்கும். (செப்சிஸ் என்பது தொற்றால் உடம்பே நிலைகுலையும் ஆபத்து.) கை கட்டப்பட்டிருந்தாலும் தலைக்குள் இருக்கும் படிப்பை அவர்கள் விடமாட்டார்கள். லைசென்ஸ் தரும் நர்சிங் போர்டுகளும் பொதுவாக உங்கள் உயர்ந்த தகுதியை வைத்தே எடைபோடும். யாரை, எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்று சார்ட்டில் எழுதாமல் ஷிஃப்ட் முடிக்காதீர்கள்.

போர்டுக்குப் போகும் புகார் இன்னொரு தலைவலி. டெக்ஸாஸில் உங்கள் பிராக்டிஷனர் லைசென்ஸ் ஆர்.என். லைசென்ஸின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ளது சரிந்தால் மேலே உள்ளதும் போகும். அதனால் பாலிசியில் ‘லைசென்ஸ் டிஃபென்ஸ்’ தொகை எவ்வளவு, எல்லா லைசென்ஸுக்கும் சேருமா என்று பாருங்கள். வழக்கே இல்லாமல் வெறும் புகாருக்கே வக்கீல் வைக்க வேண்டிவரும்.

கிளினிக்காரர்கள் ‘எங்க இன்ஷூரன்ஸ்ல நீங்களும் இருக்கீங்க’ என்பார்கள். 1099 ஆட்கள் ஊழியர் இல்லை என்பதால் பல பாலிசிகளில் இருக்கமாட்டார்கள். உங்கள் பெயர் போட்ட சான்றிதழை வாங்குங்கள். கிளினிக்கின் பாலிசி ‘கிளெய்ம்ஸ்-மேட்’ வகையா என்றும் கேளுங்கள். அந்த வகையில் பாலிசி நடப்பில் இருக்கும்போதே கிளெய்ம் வந்தால்தான் பணம். டெக்ஸாஸில் பொதுவாக 2 வருடம் வரை வழக்குப் போடலாம். நீங்கள் அதற்குள் கிளினிக்கை விட்டுப் போயிருந்தால் பிறகு வரும் கிளெய்முக்கு ‘டெயில்’ என்று தனியாக வாங்க வேண்டும், ஒரு வருடப் பிரீமியத்தின் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகிவிடும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொந்தமாக எடுப்பதை முடிந்தால் ‘ஆக்கரன்ஸ்’ வகையில் எடுங்கள். சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும், கிளெய்ம் பிறகு வந்தாலும் சரி.

மசாஜ் விஷயம் சுருக்கமாக. அதைக் கண்காணிப்பது நர்சிங் போர்டு இல்லை, டி.டி.எல்.ஆர். என்ற மாநிலத் துறை. சில நர்ஸ் பாலிசிகள் அதைச் சேர்க்கும், சில தொடவே மாட்டா. மறுத்தால் தனியாக ஒரு சின்னப் பாலிசி எடுங்கள், அல்லது காசு வாங்கிச் செய்வதை நிறுத்துங்கள். நானாக இருந்தால் நிறுத்திவிடுவேன்.

அப்புறம், நீங்கள் தமிழ்நாட்டில் படித்தவர் என்றால் அங்குள்ள கவுன்சில் பதிவில் ஆர்.என்., ஆர்.எம். (ரெஜிஸ்டர்டு மிட்வைஃப், பிரசவம் பார்ப்பவர்) இரண்டும் ஒன்றாகவே வந்திருக்கும். அமெரிக்காவில் மிட்வைஃப் என்பது தனி லைசென்ஸ். ‘இதுவரை பெற்ற லைசென்ஸ்கள்’ என்று கேட்டால் எழுதுங்கள். ‘செய்யும் வேலை’ என்ற இடத்தில் எழுதாதீர்கள்.

கிளினிக்கில் வீடியோ கால் உண்டா? உங்கள் ஆர்.என். லைசென்ஸ் மல்டி ஸ்டேட் (பல மாநிலங்களில் செல்லுபடியாகும் வகை) என்றால் லூசியானாவில் இருக்கும் நோயாளியிடம் நர்ஸாகப் பேசலாம். பிராக்டிஷனர் லைசென்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை. கால் எடுத்ததும் முதலில், ‘இப்போ எந்த ஊர்ல இருக்கீங்க?’ என்று கேட்டுவிடுங்கள்.